டிக்கெட் எடுத்துச் சிறைக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்கு, "மால் மாலாகச் சுற்றாமல் கான்ஸ்டிட்யூஷன் ஹில் (ஜோஹானஸ்பர்கின் பழைய சிறைக் குன்று) போய்ப் பாருங்களேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு டர்பன், ஜோஹானஸ்பர்க், கேப் டவுன் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள். எல்லாமே தென்னாப்பிரிக்காவில் சமஉரிமைப் போராட்டம் நடந்த இடங்களைப் போய்ப் பார்ப்பது பற்றியவை. அதனால் ஜாதகம், சமையல், மாமியார் சண்டை எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி: அப்பா அம்மா டிசம்பரில் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறார்கள். சிங்கம், யானை எல்லாம் போன தடவையே பார்த்தாகிவிட்டது. அப்பா ரிட்டயர்டு வரலாற்று ஆசிரியர், "நிறவெறியை எதிர்த்தவர்களின் இடங்களைக் காட்டு" என்கிறார். எனக்கு ஒரு நாள்தான் லீவு. ஜோஹானஸ்பர்கில் எதையெல்லாம் பார்த்து முடிக்கலாம்? (மிட்ராண்ட் வாசகர்)

பதில்: ஒரு நாள் என்றால் ஒரே இடம். காலையில் அபார்தைட் மியூசியம், பதினோரு மணிக்கு சொவெட்டோ, மதியம் மண்டேலா வீடு, சாயங்காலம் ஒரு மால் என்று போட்டு, திருப்பதியில் "ஜருகண்டி ஜருகண்டி" என்று தள்ளுகிற மாதிரி பெரியவர்களைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி போய்க் கேட்டால் எதுவுமே மனதில் நின்றிருக்காது, கால் வலி மட்டும் இருக்கும்.

அப்பாவை கான்ஸ்டிட்யூஷன் ஹில்லுக்குக் கூட்டிப் போங்கள். ஒரே குன்றின் மேல் பழைய கோட்டைச் சிறை, "நம்பர் ஃபோர்" என்று பெயர் வாங்கிய கறுப்பர் சிறை, பெண்கள் சிறை, நடுவில் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம். கோட்டை வெள்ளைக்காரக் கைதிகளுக்கு. மண்டேலாவை 1962-ல் விசாரணைக்காக வைத்திருந்தபோது, மற்ற கறுப்பர்களோடு விட்டால் வம்பு என்று நினைத்தார்களோ என்னவோ, கோட்டைக்குள்ளிருந்த ஆஸ்பத்திரிப் பகுதியில் வைத்தார்கள். காந்தியும் அவரோடு சத்தியாகிரகத்தில் இறங்கிய தமிழர்களும் 1908-லிருந்து இங்கே வந்து வந்து போனவர்கள்தான்.

நம்பர் ஃபோரில் நின்று பார்க்க வேண்டியது சாப்பாட்டுக் கணக்கு. எந்த இனத்துக் கைதிக்கு எவ்வளவு இறைச்சி, எவ்வளவு ரொட்டி, எவ்வளவு மக்காச்சோளக் கஞ்சி என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளையருக்கு ஒன்று, இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் ஒன்று, ஆப்பிரிக்கருக்கு எல்லாவற்றிலும் குறைந்த ஒன்று. நிறவெறி என்றால் என்ன என்று பத்துப் புத்தகம் படித்தாலும் இந்தப் பட்டியல் சொல்கிற மாதிரி அவை சொல்லாது. பசியைக்கூடத் தோல் நிறம் பார்த்து அளந்திருக்கிறார்கள். அப்புறம், கைதிகள் கம்பளியை மடித்தே பொம்மைகள் செய்வார்களாம், சனி ஞாயிறுகளில் அறைக்கு அறை போட்டிகூட நடந்திருக்கிறது. அந்த மாதிரிக் கம்பளிப் பொம்மைகளையும் வைத்திருக்கிறார்கள். அவற்றையும் விடாதீர்கள்.

பிறகு நீதிமன்றத்துக்குள் போங்கள். விசாரணைக் கைதிகளை அடைத்து வைத்திருந்த கட்டடத்தை இடித்து, அந்தச் செங்கல்லையே எடுத்து இதைக் கட்டினார்கள். பழைய மாடிப்படிக் கூண்டுகள் நான்கை மட்டும் இடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். 2004-ல் திறந்தது. உள்ளே நீதிபதிகள் உட்காரும் மேடையின் முன்பக்கம் முழுக்க மாட்டுத்தோல், ஒவ்வொன்றிலும் வேறு வேறு புள்ளி. பக்கத்துச் சுவரில் தரைமட்டத்தில் நீளமாக ஒரு கண்ணாடிச் சன்னல், அதன் வழியாக வெளியே நடக்கிறவர்களின் காலும் செருப்பும் மட்டும் தெரியும். விசாரணை நடக்கிற நாளில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆனால் டிசம்பரில் நீதிமன்ற விடுமுறையாக இருக்கும், கட்டடத்தை மட்டும்தான் பார்க்க முடியும். அப்பாவுக்கு அதுவே போதும். அம்மாவைப் பெண்கள் சிறைக்குக் கூட்டிப் போங்கள். வின்னி மண்டேலாவும் டர்பனைச் சேர்ந்த போராளி பாத்திமா மீரும் 1976-ல் அங்கே இருந்தார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "தில்லையாடி வள்ளியம்மை சமாதி எங்கே?" என்று கேட்கிறார்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கே தெரியாது. வெட்கமாக இருக்கிறது. (லெனேசியா வாசகி)

பதில்: வெட்கத்தை விடுங்கள் அக்கா, உங்கள் ஊரிலிருந்து காரில் அரை மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். ஜோஹானஸ்பர்க் நகரத்துக்குள்ளேயே பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டம். பெரிய இடம், மரங்கள் அடர்ந்தது, தானாகத் தேடினால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். வாசலில் இருக்கிற ஊழியரிடம் வள்ளியம்மை, நாகப்பன் என்று இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகக் காலையில் போங்கள். நகர நடுவில் எங்கே போனாலும் இதுதான் விதி.

கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் வள்ளியம்மை தில்லையாடியில் பிறந்தது மாதிரியே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தில்லையாடி அவர் பெற்றோரின் ஊர். அந்தப் பெண் 1898-ல் பிறந்தது இந்த ஜோஹானஸ்பர்கில்தான். அதாவது உங்கள் ஊர்ப் பெண். 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் செய்யாத கல்யாணங்கள் சட்டப்படி செல்லாது என்று. ஒரே நாளில் நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் "மனைவி" இல்லை என்று ஆனார்கள். அதுவரை ஆண்கள் மட்டும் ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த போராட்டத்தில் பெண்கள் இறங்கியது அதற்குப் பிறகுதான். டிரான்ஸ்வாலிலிருந்து (அன்றைக்கு ஜோஹானஸ்பர்க் இருந்த மாகாணம்) கைக்குழந்தையும் கையுமாகப் புறப்பட்ட அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அவர்கள் நியூகாசல் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்ப் பேசியதில்தான் அக்டோபர் நடுவில் அங்கே வேலைநிறுத்தமே தொடங்கியது.

வள்ளியம்மை தன் அம்மா மங்களத்தோடு போனவர். மூன்று மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. உள்ளே காய்ச்சல் கண்டு, வெளியே வந்தும் எழுந்திருக்கவில்லை. 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது வயது 16. சிறைக்குப் போனதற்கு வருத்தமா என்று காந்தி கேட்டதற்கு, இப்போது பிடித்தாலும் போவேன் என்று அந்தப் பெண் சொன்னதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அதே தோட்டத்தில் சாமி நாகப்பன் படையாச்சியும் இருக்கிறார். சத்தியாகிரகத்தில் சிறை போன 18 வயசுப் பையன். 1909-ன் குளிர்காலத்தில் ஜக்ஸ்கி ஆற்றுப் பக்கம் சாலை போடுகிற கைதி முகாமில் வைத்து வேலை வாங்கினார்கள். ஜோஹானஸ்பர்க் ஜூன் மாதக் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடுதலையாகி வெளியே வந்ததும் நிமோனியாவில் ஜூலை 6-ல் போய்விட்டான். காந்தி இந்த நாட்டை விட்டுக் கிளம்பியது 1914 ஜூலை 18-ல். அதற்கு மூன்று நாள் முன்னால் வந்து இந்த இரண்டு பேரின் நினைவுக்கல்லையும் திறந்து வைத்துவிட்டுத்தான் போனார். வள்ளியம்மைக்கு வருகிறவர்கள் பலர் பையனைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

கற்பூரம் ஏற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பூ வையுங்கள், போதும். காய்ந்த புல் இருக்கிற இடத்தில் நெருப்பு வேண்டாம்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனுக்கு டர்பனிலிருந்து ரயிலிலேயே போனால் ஒரு பொருத்தமாக இருக்குமே? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: பொருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் போய்ச் சேர்வீர்களா என்பது வேறு விஷயம். நீண்டதூர ரயில்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். N3 நெடுஞ்சாலையில் காரில் ஒரு மணி நேரம். செங்கல் கட்டிய பழைய விக்டோரியா காலத்து ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் 1893 ஜூன் 7-ல் காந்தியை இறக்கிவிட்டதைச் சொல்லும் பலகை, அவர் ராத்திரி குளிரில் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லும் காத்திருப்பு அறை. அரை மணியில் பார்த்துவிடலாம். ஊருக்குள் 1993-ல் டெஸ்மண்ட் டுட்டு திறந்துவைத்த காந்தி சிலை இருக்கிறது.

அங்கேயே திரும்பிவிடாமல் ஹோவிக் வரை போங்கள். 1962 ஆகஸ்ட் 5-ல் டிரைவர் வேஷத்தில் வந்த மண்டேலாவைப் போலீஸ் மடக்கிய சாலை அது. அங்கே 50 இரும்புத் தூண்களை நட்டு வைத்திருக்கிறார்கள். கிட்டே போனால் வெறும் கம்பிதான். நடைபாதையில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது எல்லாக் கம்பியும் ஒன்றாகச் சேர்ந்து மண்டேலா முகமாகிவிடும். ஓரடி தள்ளினால் கலைந்துவிடும். பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு (காந்தி ஆசிரமம்) போகலாம் என்று சொன்னால் யூனிவர்சிட்டியில் படிக்கிற என் மகன், "அவர் ஆப்பிரிக்கர்களைக் கேவலமாக எழுதினவர், நான் வரமாட்டேன்" என்கிறான். நான் என்ன சொல்ல? (வெருலம் வாசகி)

பதில்: அவன் சொல்வது பொய்யில்லை அம்மா. அதிலிருந்து ஆரம்பியுங்கள். காந்தி இங்கே இருந்த முதல் ஆண்டுகளில் எழுதியவற்றில், ஆப்பிரிக்கர்களை இன்று வாயில் வைக்கக் கூசும் சொல்லால் குறித்திருக்கிறார். 1908-ல் ஜோஹானஸ்பர்க் சிறையில் தங்களை ஆப்பிரிக்கக் கைதிகளோடு அடைத்ததைப் பெரிய அவமானமாக எழுதியிருக்கிறார். கானாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் சிலையை 2018-ல் அகற்றினார்களே, சும்மாவா? பிற்காலத்தில் அவர் மாறினார் என்று சொல்ல ஆதாரங்கள் உண்டு, ஆனால் அதை வைத்து முன்னால் எழுதியதை மூடி மறைக்கப் பார்த்தால் பையன் உங்களை நம்பமாட்டான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், "காந்தியைப் பார்க்கப் போவோம்" என்று சொல்லமாட்டேன், "இனாண்டாவைப் பார்த்துவிட்டு வருவோம், வா" என்பேன். அந்த ஒரு பள்ளத்தாக்கில் 1904-ல் காந்தி குடியிருப்பு அமைத்தார். அதற்கு முன்பே ஜான் டுபே தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒஹ்லாங்கே பள்ளியைத் தொடங்கியிருந்தார். 1912-ல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசாக வளரப்போகிற இயக்கத்துக்கு முதல் தலைவர் அவர்தான். 1903-ல் டுபே ஜூலு மொழியில் "இலங்கா" பத்திரிகையைத் தொடங்கினார், அதே 1903-ல் காந்தியின் "இந்தியன் ஒப்பீனியன்" வந்தது. இரண்டு பேரும் அக்கம்பக்கத்து ஆட்கள், ஆனால் சேர்ந்து ஒரு போராட்டம்கூட நடத்தவில்லை. ஏன் நடத்தவில்லை என்று உங்கள் மகனைக் கேளுங்கள், வண்டியில் போகும்போது பேச்சுக்குக் குறைவிருக்காது.

(இந்தியன் ஒப்பீனியன் தொடக்கத்தில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நாலு மொழியில் வந்தது. 1906-ல் தமிழையும் இந்தியையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் எழுதுகிறவனாக இதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.)

ஆசிரமத்தில் "சர்வோதயா" என்ற தகர வீட்டைப் பார்ப்பீர்கள். அது மூல வீடு இல்லை. 1985 ஆகஸ்ட் கலவரத்தில் குடியிருப்பு எரிந்துபோனது. அங்கிருந்த இந்தியக் குடும்பங்கள் ஓடின, வீடில்லாத ஆப்பிரிக்கக் குடும்பங்கள் வந்து குடியேறின, பம்பாயி என்ற குடிசைப் பகுதி உருவானது. மறுபடி கட்டி 2000-ல் திறந்தார்கள். இன்றும் வாசலுக்கு வெளியே அந்தக் குடியிருப்புதான், தண்ணீர் பிடிக்கிறவர்களும் துணி காயப்போடுகிறவர்களும் கண் முன்னால். சமத்துவம் வந்ததா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாத இடம்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் ஒஹ்லாங்கே. 1994 ஏப்ரல் 27-ல் மண்டேலா வாழ்நாளில் முதல் முறையாக ஓட்டுப் போட்டது அந்தப் பள்ளியில். நாடு முழுக்க எத்தனையோ சாவடி இருக்க, டுபேயின் கல்லறை அங்கே இருக்கிறது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார். வழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டியோடு பகலில் போங்கள்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். நம் பாட்டன் முப்பாட்டன்கள் எல்லாரும் காந்தி பின்னால் கண்ணை மூடிக்கொண்டு போனவர்கள் இல்லை. ஒப்பந்தக் கூலி வேலை முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது நேட்டால் (டர்பன் இருக்கும் மாகாணம்) அரசு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டது. மாதம் 10 ஷில்லிங்கில் வேலையைத் தொடங்கியவனுக்கு அது ஆறு மாதச் சம்பளம். அதை எதிர்த்து டர்பனில் "ஆஃப்ரிக்கன் குரோனிக்கிள்" நடத்திய பி. எஸ். ஐயர், காந்தி அதைப் போராட்டக் கோரிக்கையாக எடுத்துக்கொள்வதற்கு முன்பே விடாமல் எழுதிக்கொண்டிருந்தார், காந்தியையும் சேர்த்துத் திட்டித்தான். 1913 நவம்பர் 6-ல் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை தாண்டிய நடைப்பயணத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அவர்களுக்கு இனாண்டாவில் ஒரு சிலையும் கிடையாது. மகன் காந்திக்காக வரவேண்டாம், அவர்களுக்காக வரட்டும்.

கேள்வி: இந்த மாதிரி இடங்களில் செல்ஃபி எடுக்கலாமா? (டர்பன் நார்த் வாசகர்)

பதில்: எடுங்கள், யாரும் அடிக்கமாட்டார்கள். தனிமைச் சிறை அறைக்குள் நின்று இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு சிரிக்காமல் எடுங்கள்.

கேள்வி: எங்கள் ஆயாவுக்கு 80 தாண்டிவிட்டது. மேகசின் பேரக்ஸில் பிறந்தவர், கல்யாணமாகி கேட்டோ மேனரில் இருந்தவர், அங்கிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்டவர். "என்னை ஒரு தடவை அங்கெல்லாம் கூட்டிட்டுப் போ" என்கிறார். அங்கே இப்போது பார்க்க ஏதாவது இருக்கிறதா? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: தம்பி, இந்த மூட்டையில் வந்த கேள்விகளிலேயே இதுதான் எனக்கு முதல். மற்றவர்கள் வழிகாட்டியைத் தேடி அலைகிறார்கள், உங்கள் வீட்டிலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

மேகசின் பேரக்ஸ் கிடையாது. டர்பன் நகராட்சிக் குப்பை அள்ளவும் தெரு கூட்டவும் வந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் தலைமுறையாக இருந்த இடம், சோம்ட்சூ சாலைப் பக்கம். அறுபதுகளில் எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு இடத்தைத் துடைத்துவிட்டார்கள். பெயர்ப்பலகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஆயாவைப் பேசவிடுங்கள். குழாய் எங்கே இருந்தது, எத்தனை வீட்டுக்கு ஒரு கக்கூஸ், திருவிழாவுக்குப் பந்தல் எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். போனில் ரெக்கார்டு பண்ணிக்கொள்ளுங்கள், மறக்காமல்.

அடுத்து கேட்டோ மேனர். 1950-ல் வந்த குழுப் பகுதிச் சட்டம் நகரத்தை இனவாரியாகக் கூறுபோட்டது. கேட்டோ மேனரில் வீடும் தோட்டமும் வாழைமரமுமாக இருந்த நம் குடும்பங்களும் போனார்கள், அங்கே குடியிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களும் போனார்கள். வீடுகளை இடித்தவர்கள் கோவில்களைப் பெரும்பாலும் தொடவில்லை. அதனால் இன்றைக்கும் வீடே இல்லாத சரிவில் கோவில் மட்டும் நிற்கும். பெல்லேர் சாலையில் இருக்கும் அம்பலவாணர் ஆலயத்துக்குப் போங்கள், ஆயாவுக்கு "செகண்ட் ரிவர் கோவில்" என்று சொன்னால் உடனே தெரியும். 1875-ல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டி, 1905 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய், பிறகு இங்கே கட்டியது. பழைய கோவிலின் கதவு இங்கே இருக்கிறது, தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புனித வெள்ளியன்று தீமிதி நடக்கும், ஊரே திரளும், ஆயாவுக்குக் கூட்டம் ஆகாது. சாதாரண நாளில் போங்கள்.

1949 ஜனவரியைப் பற்றி ஆயா பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த அந்தக் கலவரத்தில் அரசுக் கணக்கிலேயே 142 பேர் செத்தார்கள், அதில் ஆப்பிரிக்கர்கள்தான் அதிகம். நம் வீடுகளில் இந்தக் கதையை ஒரு பக்கமாகவே சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டோம்.

திரும்பி வரும்போது உம்பிலோ சாலையும் பழைய கேல் தெருவும் (இப்போது மக்வாசா மபலாலா தெரு) சந்திக்கிற மூலையில் ஒரு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். லாரி, பஸ், சத்தம், சாதாரண முனை. இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்போட்ட சட்டத்தை 1946-ல் கொண்டு வந்தபோது, ஜூன் 13-ல் இங்கே இருந்த காலி மனையில் நம்மவர்கள் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். ராத்திரியில் வெள்ளைக்காரப் பையன்கள் கும்பலாக வந்து கூடாரத்தைக் கிழித்து அடித்தார்கள். மறுநாள் மறுபடி கூடாரம். டாக்டர் மான்டி நாயக்கர் தலைமை. எடின்பரோவில் படித்துவிட்டு வந்த டாக்டர் குணம் என்ற தமிழ்ப் பெண்மணி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். மைக்கேல் ஸ்காட் என்ற வெள்ளைக்காரப் பாதிரியாரும் கூட உட்கார்ந்து சிறைக்குப் போனார். எல்லாமாகச் சுமார் 2,000 பேர் உள்ளே போனார்கள். டர்பனில் பிறந்த எத்தனை பேர் தினமும் அந்த முனையில் சிக்னலுக்கு நிற்கிறோம்!

கேள்வி: மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்கு அம்மாவை அழைத்துப் போக ஆசை. படகு என்றால் பயப்படுகிறார். காசும் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. அவ்வளவு செலவழித்துப் போவதற்கு அதில் நமக்கு என்ன இருக்கிறது? (கேப் டவுன் வாசகி)

பதில்: படகு அரை மணி, முக்கால் மணி. காற்று அடிக்கிற நாளில் ஆட்டம் இருக்கும், ரொம்ப அடித்தால் படகையே ரத்து செய்துவிடுவார்கள். அதனால் ஊரை விட்டுக் கிளம்புகிற கடைசி நாளுக்கு டிக்கெட் போடாதீர்கள், நீங்கள் உள்ளூர் என்பதால் கவலையில்லை. அம்மாவுக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்து நடுவில் உட்காரவையுங்கள். தீவுக்குள் பஸ் உண்டு, நடை குறைவு. போய்வர அரை நாள் ஆகும்.

"நமக்கு என்ன" என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன். பில்லி நாயர் என்பவர் டர்பன் சிடன்ஹாமில் பிறந்தவர், தொழிற்சங்கக்காரர், அந்தத் தீவில் 20 வருஷம் இருந்தார். காந்தியோடு நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு 10 வருஷம். அங்கேயும் சாப்பாட்டுப் பட்டியல் இனவாரியாகத்தான். இந்தியக் கைதிக்கு ரொட்டி உண்டு, ஆப்பிரிக்கக் கைதிக்குக் கிடையாது. இந்தியக் கைதிக்கு முழுக்கால்சட்டை, ஆப்பிரிக்கக் கைதிக்கு, மண்டேலாவானாலும் சரி, அரைக்கால்சட்டை. கொஞ்சம் கூடக் கொடுத்து ஒருவரை ஒருவர் வெறுக்கவைக்கிற ஏற்பாடு. உள்ளே இருந்தவர்கள் அதற்கு மசியவில்லை, ரொட்டி கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களோடு பங்கிட்டுத் தின்றார்கள். அந்தத் தீவில் இருந்த கைதிகளுக்கு வக்கீலைப் பார்க்கும் உரிமையை 1973-ல் வழக்காடி வாங்கிக்கொடுத்தவர் யார் தெரியுமா? டர்பன் கிளேர்வுட்டில் பஸ் டிரைவர் மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளை, பின்னாளில் ஐ.நா.வின் மனித உரிமை ஆணையர்.

சிறைக்குள் கூட்டிப் போகிறவர்கள் அங்கே கைதியாக இருந்தவர்கள். வயசாகிக்கொண்டு வருகிறது, குறைந்துகொண்டும் வருகிறார்கள். அதனால் போவதாக இருந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். மண்டேலாவின் அறை முன்னால் போட்டோவுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் சேராமல் அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள். என்ன குற்றத்துக்காக உள்ளே போட்டார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். அடித்ததைப் பற்றி மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் சொல்லட்டும்.

கேள்வி: சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் வெளியே கூட்டிப் போக வேண்டும். நீளமாகப் பேசினால் நெளிவார்கள். என்ன செய்யலாம்? (மவுண்ட் எட்ஜ்கோம்ப் தமிழாசிரியை)

பதில்: டர்பனில் 1860 பாரம்பரிய மையத்துக்குக் கூட்டிப் போங்கள் டீச்சர். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு "ட்ரூரோ" கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்திறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். கப்பல் பட்டியலில் நம்பர், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடம்பில் உள்ள அடையாளம்: "இடது முழங்காலில் தழும்பு", "நெற்றியில் பச்சை" என்கிற மாதிரி எல்லாம் எழுதியிருக்கும்.

சொற்பொழிவு வேண்டாம். ஆளுக்கு ஒரு நம்பரைக் கொடுத்து, அந்த ஆள் யார் என்று கண்டுபிடித்து ஐந்து வரி தமிழில் எழுதச் சொல்லுங்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் எல்லாம் வரைபடத்தில் எங்கே என்று தேடட்டும். தங்கள் குடும்பத்து ஆளைத் தேடுகிற பிள்ளைகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள், குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினவர், முனுசாமி எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறார் என்பதற்குக் கணக்கே இல்லை, அதனால் பெயரை விட நம்பரையும் கப்பல் பெயரையும் பிடித்துப் போவது நல்லது. வீட்டுப் பெட்டியில் பழைய காகிதம் இருக்கிறதா என்று முந்தின வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.

மதியம் "பன்னி சௌ" (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பீன்ஸ் போட்டது. நெளிய மாட்டார்கள்.

கேள்வி: மார்ச் 21, ஜூன் 16 போன்ற விசேஷ நாட்களில் போவது நல்லதா, சாதாரண நாட்களிலா? (பெனோனி வாசகர்)

பதில்: எதற்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1960 மார்ச் 21-ல் போலீஸ் சுட்டு 69 பேர் செத்த ஷார்ப்வில்லுக்கு அதே நாளில் போனால் மேடை, மைக், மந்திரி. ஆனால் செத்தவர்களின் குடும்பங்களும் அன்றைக்குத்தான் வரும், மந்திரி கிளம்பிய பிறகு அவர்கள் பாடுவார்கள். 1976 மாணவர் எழுச்சியை நினைவுகூரும் ஜூன் 16-ல் சொவெட்டோவில் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டு நடப்பார்கள். அதைப் பார்க்க வேண்டுமென்றால் அன்று போங்கள், அந்த எழுச்சியில் சுடப்பட்டு இறந்த சிறுவன் ஹெக்டர் பீட்டர்சன் பெயரில் உள்ள மியூசியத்தை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள் போங்கள்.

திங்கட்கிழமையைத் தவிருங்கள், பல மியூசியங்கள் மூடியிருக்கும். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல் முந்தின நாள் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.